பூசாரி வீட்டுச் சாப்பாடு: அரேயிலிருந்து வேண்டாததை நீக்குவது எப்படி

ஐந்து பொட்டலம் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) மிஞ்சிவிட்டது. மிஞ்சியதில் நட்டம் ஒன்றுமில்லை. தோட்டத்து ஆட்கள் கூடும் இடத்தில் மிஞ்சிய சாப்பாடு பத்து நிமிடத்தில் காணாமல் போய்விடும். என்னை உறுத்தியது, சமைத்துக் கொடுத்த அக்கா கேட்ட கேள்விதான். “தம்பி, பூசாரி வீட்டில் யாரும் வரவில்லை என்று போன வாரமே சொல்லிவிட்டார்களே, பிறகு எதற்கு அவர்கள் பெயரில் ஐந்து பொட்டலம்?”

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்தில் நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் இப்போது லயங்கள் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆட்கள் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் சிங்கப்பூருக்கும் பிரிந்துபோனார்கள். வருடத்துக்கு ஒரு முறை பட்டணத்துக் கோயில் மண்டபத்தில் எல்லோரும் கூடுவோம். வருகிறவர்கள் பெயரைப் பதிந்துகொள்ள ஓர் இணையப் பக்கம் எழுதிக்கொடுத்தவன் நான். பூசாரி வீட்டார் வரவில்லை என்று சொன்னது உண்மை. அதை நான் பக்கத்தில் குறித்ததும் உண்மை. வராதவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கும் நிரல் (புரோகிராம்) ஓடியதும் உண்மை. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனாலும் பூசாரி வீடு பட்டியலில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

அந்த மண்டபத்தில்தான் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு இணைய நிரலாக்கம் சொல்லிக்கொடுக்கிறேன். “அந்தப் பெயரை டிலீட் செய்துவிட்டேன் சார்” என்று யாராவது சொல்லாத வாரம் இல்லை. எப்படிச் செய்தாய் என்று கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைக் காட்டுவார்கள். உண்மையில் ‘நீக்குதல்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று ஒட்டாத மூன்று வேலைகள் ஒளிந்திருக்கின்றன. எந்த வேலையைச் செய்கிறோம் என்று தெரியாமல் செய்வதால்தான் பூசாரி வீட்டுக்குச் சாப்பாடு போகிறது.

நிரையும் அரேயும்

ரப்பர் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் வரிசையை நிரை என்போம். அரே என்பது நிரலுக்குள் இருக்கும் நிரை: பல மதிப்புகளை ஒரே பெயரின் கீழ் வரிசையாக நிறுத்திவைக்கும் ஏற்பாடு. கணினித் தமிழில் ‘அணி’ என்று எழுதுவோரும் உண்டு. இங்கே அரே என்றே எழுதுகிறேன், வகுப்பில் பிள்ளைகள் வாயில் வருவது அதுதான்.

அரேயில் நிற்கும் ஒவ்வொரு மதிப்பும் ஓர் உறுப்பு. உறுப்பு நிற்கும் இடத்தின் எண், சுட்டெண். மொத்தம் எத்தனை என்பது நீளம். சுட்டெண் 0-இல் தொடங்குவது புதியவர்களைக் குழப்பும். அதை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்: நிரையின் தலையில் நிற்கிறீர்கள், இந்த மரத்தைத் தொட எத்தனை மரங்களைத் தாண்ட வேண்டும்? முதல் மரத்துக்கு எதையும் தாண்ட வேண்டாம், ஆகவே அது 0.

நம்முடைய பட்டியல் இது. தோட்டத்து வழக்கப்படி வீடுகளைத் தொழிலை வைத்தே சொல்கிறேன்: மண்டோர் வேலைக் கண்காணி, கிராணி எழுத்தர், டிரெஸ்ஸர் தோட்டத்து மருத்துவ உதவியாளர்.

வீடுகள் = [மண்டோர், தையல்காரம்மா, லோரிக்காரர், பூசாரி, கிராணி, டிரெஸ்ஸர்]

நீளம் 6. மண்டோர் வீடு 0, லோரிக்காரர் வீடு 2, பூசாரி வீடு 3, டிரெஸ்ஸர் வீடு 5. அந்த வருடம் லோரிக்காரர் வீட்டாரும் பூசாரி வீட்டாரும் ஈப்போவில் ஒரே கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். பட்டியலில் அவர்கள் இருவரும் அடுத்தடுத்து நிற்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வினை அங்கேதான் இருந்தது.

நான் இங்கே பேசுவது ஜாவாஸ்கிரிப்ட் மொழியைப் பற்றி. 1995-இல் பிறந்து, இன்று எல்லா உலாவிகளிலும் ஓடும் மொழி அது. அதன் சொற்களைத் திரையில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். மாறிகளுக்கு, அதாவது மதிப்பைப் போட்டுவைக்கும் இடங்களுக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. ‘வீடுகள்’ என்று தமிழ் எழுத்தில் பெயர் வைத்தாலும் ஜாவாஸ்கிரிப்ட் முகம் சுளிக்காது.

தோட்டத்தில் மூன்று விதமாக ஆள் குறைவது

முதல் விதம்: நிரையில் ஒரு மரம் வெள்ளை வேர்நோய் கண்டு சாகிறது. தோண்டி எடுத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் பள்ளம். மற்ற மரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. பத்தாவது மரம் இன்னும் பத்தாவது மரம்தான்.

இரண்டாவது விதம்: அரசாங்கக் கிளினிக்கில் நீள பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவிலிருந்து ஒருவர் எழுந்து போனால் அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் ஓர் இடம் நகர்ந்துகொள்வார்கள். இடைவெளி இல்லை, ஆனால் நகர்ந்த ஒவ்வொருவருடைய இடமும் மாறிவிட்டது.

மூன்றாவது விதம்: மாதம் பிறந்ததும் கிராணி புதிய செக்ரோல் (ஆட்களின் பெயர்ப் பேரேடு) எழுதுகிறார். தோட்டத்தை விட்டுப் போனவர் பெயரை அவர் அடிப்பதில்லை, புதிய புத்தகத்தில் எழுதாமல் விட்டுவிடுகிறார். பழைய செக்ரோல் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

பள்ளம், நகர்வு, புதிய பேரேடு. ஜாவாஸ்கிரிப்டில் இவற்றின் பெயர் முறையே டிலீட், ஸ்பிளைஸ், ஃபில்டர். இந்த மூன்றையும் மனத்தில் பிரித்துவைத்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

டிலீட்: பள்ளம் மட்டும் மிஞ்சும்

பெயரைப் பார்த்தால் இதுதான் சரியான கருவி என்று தோன்றும். புதியவர்கள் முதலில் எட்டிப் பிடிப்பதும் இதைத்தான்.

டிலீட் வீடுகள்[3]

பூசாரி வீடு போய்விட்டது. ஆனால் நீளத்தைக் கேட்டால் இன்னும் 6 என்றே சொல்லும். மூன்றாம் இடத்தில் யார் என்று கேட்டால் ‘அன்டிஃபைண்ட்’, அதாவது மதிப்பு எதுவும் வரையறுக்கப்படவில்லை என்று பதில் வரும். கிராணி வீடு நகரவில்லை, 4-இலேயே நிற்கிறது.

இது மொழியின் கோளாறு அல்ல. ஜாவாஸ்கிரிப்டில் அரே என்பது அடிப்படையில் ஒரு பொருள்தான் (ஆப்ஜெக்ட்), அதாவது பெயரிட்ட பண்புகளின் தொகுப்பு. சுட்டெண்கள் அதன் பண்புகளின் பெயர்கள். டிலீட் என்பது ஒரு பொருளின் பண்பை அழிக்க வந்த கருவி. சொன்னபடி பண்பை அழித்துவிட்டு அது தன் வேலை முடிந்தது என்று போய்விடுகிறது. வரிசையை நெருக்கிவைப்பது அதன் வேலையே அல்ல.

பொட்டலத்தை நீளத்தை வைத்துக் கணக்கிடுகிறவர் இங்கே ஏமாறுவார். வீடு ஐந்து, கணக்கில் ஆறு. ஆகவே டிலீட்டைப் பொருளின் பண்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரேயின் பக்கம் கொண்டுவராதீர்கள்.

ஸ்பிளைஸ்: பெஞ்சில் நகர்ந்து உட்காருவது

வரிசையின் கடைசி ஆளை எடுக்க பாப், முதல் ஆளை எடுக்க ஷிஃப்ட். இவை இரண்டும் எளிது. நடுவில் உள்ளவரை எடுக்க ஸ்பிளைஸ்.

வீடுகள்.ஸ்பிளைஸ்(2, 1)

பொருள்: சுட்டெண் 2-இல் தொடங்கி ஒன்றை எடு. லோரிக்காரர் வீடு வெளியேறும், பின்னால் இருந்த மூன்று வீடுகளும் ஓர் இடம் முன்னால் வரும், நீளம் 5 ஆகும். மூலப் பட்டியலே மாறிவிடுகிறது. பழையது எங்கும் இல்லை.

இது நம் கையில் திருப்பித் தருவது, எடுத்தெறிந்த உறுப்பை. மிச்சமிருக்கும் பட்டியலை அல்ல. ‘வீடுகள் = வீடுகள்.ஸ்பிளைஸ்(2, 1)’ என்று எழுதிய மாணவி ஒருத்தியின் திரையில் லோரிக்காரர் வீடு மட்டும் தனியாக நின்றது. “எல்லோரும் போய்விட்டார்கள் சார், வராதவர் மட்டும் வந்திருக்கிறார்” என்றாள். ஸ்பிளைஸைப் பற்றி இதைவிடத் தெளிவாக நான் கேட்டதில்லை.

ஸ்லைஸ் என்று இன்னொன்று உண்டு, ஓரெழுத்துதான் வித்தியாசம். அது பட்டியலின் ஒரு பகுதியை நகலெடுத்துத் தருவதோடு சரி, மூலத்தைத் தொடாது. இரண்டுக்கும் இப்படி ஒலியொத்த பெயர் வைத்தவர் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

பூசாரி வீடு தப்பித்த கதை

இப்போது அந்தப் பிழைக்கு வருகிறேன். நான் எழுதியிருந்தது இதுதான்: சுட்டெண் 0-இல் தொடங்கு, ஒவ்வொரு வீடாகப் பார், வராத வீடானால் ஸ்பிளைஸால் எடுத்துவிடு, சுட்டெண்ணை ஒன்று கூட்டு, கடைசி வரை இப்படியே செய். திரும்பத் திரும்ப நடக்கும் இந்தச் சுற்றுக்கு லூப் என்று பெயர். படித்தால் ஒரு குறையும் தெரியாது. ஒவ்வோர் அடியாக நடந்து பார்ப்போம்.

சுட்டெண் 0: மண்டோர் வீடு. வருகிறார்கள், விட்டுவிடு.

சுட்டெண் 1: தையல்காரம்மா வீடு. வருகிறார்கள், விட்டுவிடு.

சுட்டெண் 2: லோரிக்காரர் வீடு. வரவில்லை, எடு. எடுத்த கணமே பெஞ்சில் எல்லோரும் நகர்கிறார்கள். 3-இல் இருந்த பூசாரி வீடு இப்போது 2-இல். கிராணி வீடு 3-இல். டிரெஸ்ஸர் வீடு 4-இல்.

சுட்டெண் 3: கிராணி வீடு. வருகிறார்கள், விட்டுவிடு.

சுட்டெண் 4: டிரெஸ்ஸர் வீடு. வருகிறார்கள், விட்டுவிடு. முடிந்தது.

பூசாரி வீட்டை யாருமே கேட்கவில்லை. நிரல் 2-ஐத் தாண்டி 3-க்கு அடி வைத்த அதே நேரத்தில் பூசாரி வீடு 3-இலிருந்து 2-க்கு வந்துவிட்டது. படிக்கட்டில் ஒருவர் ஏறவும் ஒருவர் இறங்கவும் முகம் பாராமல் கடந்துபோவது போல.

இதில் கொடுமை என்னவென்றால், வராதவர்கள் தள்ளித்தள்ளி நின்றால் இந்த நிரல் மிகச் சரியாக வேலை செய்யும். லோரிக்காரரும் டிரெஸ்ஸரும் வராமல் இருந்தால் எனக்குப் பிழையே தெரிந்திருக்காது. முந்தின இரண்டு வருடங்களும் அப்படித்தான் தப்பித்தேன். நீக்க வேண்டியவை அடுத்தடுத்து நிற்கும்போது மட்டுமே சாயம் வெளுக்கும். ஃபார்ஈச் என்ற கருவியால் சுற்றினாலும் இதே கதைதான், சுட்டெண் நம் கண்ணில் படாமல் உள்ளே ஓடுகிறது, அவ்வளவே.

தீர்வு சிறியது. கடைசியிலிருந்து முன்னோக்கி வாருங்கள். 5, 4, 3, 2 என்று இறங்கும்போது ஒருவரை எடுத்தால் நகர்கிறவர்கள் எல்லோரும் நாம் ஏற்கெனவே விசாரித்து முடித்தவர்கள். இன்னும் விசாரிக்க வேண்டியவர்கள் முன்னால் அசையாமல் இருக்கிறார்கள். அல்லது 0-இலிருந்தே தொடங்கிப் போய், ஒன்றை எடுத்த அடியில் மட்டும் சுட்டெண்ணைக் கூட்டாமல் நிற்கலாம். இரண்டும் சரி. நான் பின்னாலிருந்து வருவதையே விரும்புகிறேன், மறக்க ஒரு விதி குறைவு.

சுருக்கமாக இதுவரை: டிலீட் பள்ளம் விடும், நீளம் குறையாது. ஸ்பிளைஸ் மூலப் பட்டியலையே மாற்றும், பின்னால் இருப்பவை நகரும். நடந்துகொண்டே ஸ்பிளைஸ் செய்தால் அடுத்த உறுப்பு கண்ணில் படாமல் போகலாம்.

இல்லாதவரைத் தேடப் போய்

இன்னொரு பொறி. ஒரு வீடு எந்தச் சுட்டெண்ணில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இண்டெக்ஸ்ஆஃப் என்ற கருவி உண்டு. தேடியது கிடைக்காவிட்டால் அது -1 என்று பதில் தரும். ‘இல்லை’ என்பதற்கான அடையாளம் அது.

ஆனால் ஸ்பிளைஸுக்கு -1 என்றால் வேறு பொருள்: கடைசியிலிருந்து ஒன்று. பட்டியலில் இல்லாத ‘தோட்டக்காரர்’ வீட்டைத் தேடி, கிடைத்த -1-ஐ அப்படியே ஸ்பிளைஸிடம் கொடுத்தால், ஒரு பாவமும் அறியாத டிரெஸ்ஸர் வீடு வெளியே போகும். இங்கும் பிழைச் செய்தி வராது. ஆகவே தேடிக் கிடைத்த எண் -1-ஆ என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

ஃபில்டர்: புதிய செக்ரோல்

ஃபில்டர் என்றால் வடிகட்டி என்று எல்லோரும் மொழிபெயர்த்துக்கொள்கிறோம். அங்கேயே ஒரு தவறான எண்ணம் முளைக்கிறது. வடிகட்டி என்றதும் தூக்கி எறியும் சக்கையே நம் நினைவுக்கு வருகிறது. ஆகவே ஃபில்டரிடம் எதை எறிய வேண்டும் என்று சொல்லப் பார்க்கிறோம். அது கேட்பதோ அதற்கு நேர்மாறு: எதை வைத்துக்கொள்ள?

ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையை நினைத்துப்பாருங்கள். வாளியிலிருந்து பாலை வலைச் சல்லடை வழியாக ஊற்றுவார்கள். பட்டைத் தூளும் இலையும் மேலே தங்கும், பால் கீழே தொட்டிக்குப் போகும். ஃபில்டருக்கு நாம் கொடுக்கும் நிபந்தனை, தொட்டிக்குப் போக வேண்டியதைச் சொல்லும் நிபந்தனை.

வருபவர்கள் = வீடுகள்.ஃபில்டர்(வீடு => வீடு.வருகிறார்களா)

இங்கே ஒவ்வொரு வீடும் வெறும் பெயர் அல்ல, ‘வருகிறார்களா’ என்ற பண்பும் உள்ள ஒரு பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் ஒவ்வொரு வீட்டையும் எடுத்து, வருகிறார்களா என்ற கேள்வியைக் கேட்கிறது. ஆம் என்றால் புதிய பட்டியலில் எழுதுகிறது. இல்லை என்றால் எழுதுவதில்லை. அடைப்புக்குள் அம்புக்குறியோடு இருப்பது முழுவதும் ஒரு செயற்கூறு, அதாவது உறுப்பை வாங்கிக்கொண்டு பதில் சொல்லும் சின்ன நிரல். மூலப் பட்டியலை யாரும் தொடாததால் யாரும் நகர்வதில்லை. லோரிக்காரரும் பூசாரியும் அடுத்தடுத்து நின்றாலும் இருவரும் விசாரிக்கப்படுவார்கள். பூசாரி வீட்டுச் சிக்கல் இங்கே பிறக்கவே வழியில்லை.

சல்லடை உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. ஊற்றிய பிறகு வாளி காலியாகிவிடும். ஃபில்டருக்குப் பிறகு ‘வீடுகள்’ காலியாவதில்லை, ஆறும் அப்படியே இருக்கும். அதனால்தான் செக்ரோல் உவமை எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: புதியது நான்கு பக்கம், பழையது ஆறு பக்கம், இரண்டும் மேசையில்.

இதிலிருந்தே முதல் தவறு வருகிறது. ஃபில்டரைக் கூப்பிட்டுவிட்டு, அது தந்த புதிய பட்டியலை எந்தப் பெயரிலும் வாங்கி வைக்காமல், பழைய ‘வீடுகள்’ ஏன் குறையவில்லை என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிராணி புதிய செக்ரோலை எழுதி நீட்டுகிறார், வாங்க ஆளில்லை. ஸ்பிளைஸ் திருப்பித் தருவது எறிந்ததை, ஃபில்டர் திருப்பித் தருவது வைத்துக்கொண்டதை. இரண்டையும் குழப்பாதீர்கள்.

இரண்டாவது தவறு நுட்பமானது. அம்புக்குறிக்குப் பிறகு நெளி அடைப்பு போட்டு எழுதினால், பதிலை ‘ரிட்டர்ன்’ என்ற சொல்லால் வெளிப்படையாகத் திருப்பித் தர வேண்டும். மறந்தால் ஒவ்வொரு வீட்டுக்கும் பதில் ‘அன்டிஃபைண்ட்’. அது ‘இல்லை’ என்றே கணக்காகும். முடிவில் காலிப் பட்டியல். ஊரே வரவில்லை.

ஒரு வரலாற்றுக் குறிப்பு. ஸ்பிளைஸ், ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கான தரநிலையின் 1999-இல் வந்த மூன்றாம் பதிப்பிலேயே இருக்கிறது. ஃபில்டர் தரநிலைக்குள் வந்தது 2009-இல், ஐந்தாம் பதிப்பில். பழைய நிரல்களில் எங்கு பார்த்தாலும் லூப்பும் ஸ்பிளைஸுமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். அவற்றைப் பார்த்துப் படித்த என்னைப் போன்றவர்களுக்குக் கை அங்கேயே போகும். 2023-இல் டூஸ்பிளைஸ்ட் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஸ்பிளைஸ் செய்யும் அதே வேலை, ஆனால் மூலத்தைத் தொடாமல் புதிய அரே தரும்.

ரியாக்ட் போன்ற, இணையப் பக்கத் திரையைக் கட்ட உதவும் கருவிகளில் ஃபில்டரையே பயன்படுத்தச் சொல்வது பாணிக்காக அல்ல. பட்டியல் மாறியதா என்று அது உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை, இது அதே பழைய அரேதானா என்று மட்டும் பார்க்கிறது. ஸ்பிளைஸ் செய்துவிட்டு அதே அரேயைத் திரும்பக் கொடுத்தால், எதுவும் மாறவில்லை என்று திரையைப் புதுப்பிக்காமல் விட்டுவிடும்.

மழை நாளும் பூஜ்யமும்

கருவியைச் சரியாகப் பிடித்தாலும், எது வேண்டாதது என்பதில் தடுக்கி விழலாம். இணையத்தில் ஒரு குறுக்குவழி கண்ணில் படும்: ஃபில்டருக்குள் ‘பூலியன்’ (எந்த மதிப்பையும் உண்மை அல்லது பொய் என்று மாற்றும் கருவி) என்று ஒரே சொல்லைப் போட்டால் வெற்று உறுப்புகள் எல்லாம் போய்விடும் என்பார்கள். போகும். கூடவே வேறு சிலவும் போகும்.

ஜாவாஸ்கிரிப்டில் சில மதிப்புகள் ‘பொய்’ என்றே கணக்காகும்: அன்டிஃபைண்ட், வேண்டுமென்றே வெறுமை என்று குறிக்கும் நல், எழுத்தே இல்லாத வெற்றுச் சரம், எண்ணாக முடியாதது என்ற நேன், ‘ஃபால்ஸ்’, பிறகு 0. பூலியன் குறுக்குவழி இவை அத்தனையையும் அள்ளிக்கொண்டு போகும்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் ஒருவரின் ஐந்து நாள் பால் எடை, கிலோவில்: 14, 0, 11, நல், 9. இரண்டாம் நாள் மழை, வெட்டு இல்லை, ஆகவே பால் 0. நான்காம் நாள் எழுத மறந்துவிட்டார்கள், ஆகவே நல். இரண்டும் ஒன்றா? மழை நாளின் 0 நடந்த உண்மை. நல் என்பது நமக்குத் தெரியாது என்ற ஒப்புதல். நல்லை மட்டும் நீக்கிச் சராசரி எடுத்தால் 34-ஐ 4-ஆல் வகுத்து 8.5. பூலியனைப் போட்டால் மழை நாளும் காணாமல் போய், 34-ஐ 3-ஆல் வகுத்து 11.33 வரும். மழையே பெய்யாத தோட்டம் ஒன்று கணக்கில் உருவாகிவிட்டது. பேராக்கில் அப்படி ஒன்று எங்கே இருக்கிறது?

குறுக்குவழிக்குப் பதில், ‘நல்லாகவும் அன்டிஃபைண்டாகவும் இல்லாததை வைத்துக்கொள்’ என்று முழுதாக எழுதுங்கள். அரை வரி கூடும், பரவாயில்லை.

சுருக்கமாக: ஃபில்டருக்கு வைத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்லுங்கள், அது தருவதை வாங்கி வையுங்கள், 0-ஐ வெறுமை என்று எண்ணாதீர்கள்.

சர்வர் பக்கம் ஒரு வார்த்தை

சர்வரில், அதாவது உலாவிக்குப் பக்கத்தை அனுப்பும் கணினியில், பிஎச்பி என்ற மொழியில் எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே உள்ள அரே-ஃபில்டர், புதிய பட்டியல் தந்தாலும் பழைய சுட்டெண்களை விடாமல் பிடித்துக்கொள்ளும். 2-ஐயும் 3-ஐயும் நீக்கினால் மிச்சம் 0, 1, 4, 5. பிஎச்பிக்குள் இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. அதை ஜேசன் என்ற தரவுப் பரிமாற்ற வடிவத்தில் மாற்றி உலாவிக்கு அனுப்பும்போது, எண்கள் விட்டுவிட்டு இருப்பதால் அது அரேயாகப் போகாமல் பொருளாகப் போய்ச் சேரும். உலாவியில் காத்திருக்கும் ஜாவாஸ்கிரிப்ட், இது அரே இல்லையே என்று கையை விரிக்கும். அனுப்புவதற்கு முன் அரே-வேல்யூஸ் வழியாக ஒரு முறை விட்டால் எண்கள் 0-இலிருந்து ஒழுங்காகிவிடும். இன்னொன்று: நிபந்தனை தராமல் விட்டால் பிஎச்பியின் அரே-ஃபில்டர், எழுத்தாக எழுதிய “0”-ஐயும் நீக்கும். ஜாவாஸ்கிரிப்ட் அந்த எழுத்து 0-ஐ விட்டுவைக்கும்.

ஒரே ஆள் இரண்டு முறை

வேண்டாதவற்றில் இரட்டிப்பும் ஒரு வகை. தகப்பனார் ஒரு முறை பதிவார், மகள் மறுநாள் இன்னொரு முறை பதிவாள். 2015-இல் வந்த செட் என்ற அமைப்பு, ஒரு மதிப்பை ஒரு முறைக்கு மேல் ஏற்காது. பட்டியலை அதில் போட்டு மறுபடி அரேயாக எடுத்தால் இரட்டிப்பு போய்விடும், முதலில் வந்த வரிசையும் குலையாது.

ஆனால் செட்டுக்குத் தெரிவது மதிப்பு மட்டுமே. நம் ஊர்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது ஓர் எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் எழுதுவது சர்வசாதாரணம். பிறப்புப் பத்திரம் எழுதியவர் காதில் விழுந்ததே பெயர். அந்த இரண்டும் செட்டுக்கு வேறு வேறு ஆட்கள். உறுப்புகள் பொருள்களாக இருந்தால் இன்னும் மோசம்: உள்ளே அச்சாக ஒரே விவரம் இருந்தாலும், தனித்தனியே உருவான இரண்டு பொருள்கள் ஜாவாஸ்கிரிப்டுக்குச் சமமல்ல. ஆளை ஒப்பிட மாறாத ஓர் எண் வேண்டும். அடையாள அட்டையின் 12 இலக்கம் இருக்கிறதே என்று கேட்பார்கள். அதன் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி. சாப்பாட்டுக் கணக்குக்கு அதையெல்லாம் வாங்கி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பதிவு எண் ஒன்றை நாமே கொடுத்துவிடுவேன்.

இந்த வருடப் பட்டியல்

பக்கத்தை மாற்றி எழுதியபோது லூப்பையும் ஸ்பிளைஸையும் எடுத்துவிட்டேன். வரவில்லை என்று யாராவது சொன்னால் அவர் வீட்டின் ‘வருகிறார்களா’ என்ற பண்பு மட்டும் மாறும். மூலப் பட்டியலிலிருந்து யாரும் வெளியே போவதில்லை. பொட்டலக் கணக்குக்கு மட்டும் அந்த ஒரு வரி ஃபில்டர் ஓடி, புதிய பட்டியலைத் தரும்.

கூட்டத்துக்கு முந்தின இரவு பத்து மணிக்கு லோரிக்காரர் அழைத்தார். “தம்பி, வரவில்லை என்று சொன்னேனே, பேரப்பிள்ளைகள் வந்துவிட்டார்கள், நாங்கள் ஆறு பேர் வருகிறோம்.” பழைய நிரலாக இருந்தால் அவர் வீட்டு விவரம் அத்தனையையும் மறுபடி கேட்டு எழுதியிருக்க வேண்டும். ஒரு சொல்லை மாற்றினேன், எண்ணிக்கையைத் திருத்தினேன். பிறகு அக்காவை அழைத்து ஆறு பொட்டலம் கூட்டச் சொன்னேன்.

“பூசாரி வீடு?” என்று கேட்டார்.

“வரவில்லை அக்கா. இந்த முறை நானே திரையைப் பார்த்துவிட்டேன்.”

“சரி தம்பி. எதற்கும் நான் இரண்டு கூடுதலாகக் கட்டுகிறேன்” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.